ஜெப நேரக் கணக்கை எல்லோரும் பார்க்கப் பதிவிடலாமா?

எஸ்தர்மகள் எழுதியது:

எங்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் சில மாதங்களாக ஓர் அட்டவணை ஓடுகிறது. அன்று எத்தனை நிமிடம் ஜெபித்தோம், எத்தனை அதிகாரம் வாசித்தோம், உபவாசம் இருந்தோமா என்று ஒவ்வொருவரும் இரவில் நிரப்ப வேண்டும். மாதக் கடைசியில் முதலிடம் பெற்றவரின் பெயர் ஆராதனையில் வாசிக்கப்படும். கைதட்டலும் உண்டு.

தொடங்கியவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஜெபமே இல்லாமல் கிடந்த பலர் இப்போது ஜெபிக்கிறார்கள், அதை நானே பார்க்கிறேன். ஆனாலும் முழங்காலில் நிற்கும்போது கண் கடிகாரத்துக்குப் போகிறது என்று குழுவில் ஓர் அக்கா சொன்னார். எனக்கும் அது நெருடுகிறது. வேதத்திலோ திருச்சபை வரலாற்றிலோ இதற்கு வெளிச்சம் உண்டா? "விலகிவிடுங்கள்" என்ற ஒற்றை வரிப் பதில் மட்டும் வேண்டாம்.

திறவுகோல் எழுதியது:

விலகிவிடுங்கள்.

சரி, இரண்டாம் வரியும் எழுதுகிறேன். மத்தேயு 6-ஆம் அதிகாரம். தர்மம், ஜெபம், உபவாசம் என்று மூன்றையும் வரிசையாக எடுத்து, மூன்றையும் அந்தரங்கத்தில் செய்யச் சொல்கிறார் ஆண்டவர். உங்கள் அட்டவணை அந்த மூன்றில் இரண்டுக்கு மதிப்பெண் போடுகிறது. காணிக்கைக்கும் ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் அதிகாரம் முழுவதையும் மீறியாயிற்று.

விளக்குத்தண்டு எழுதியது:

சகோதரர் ஓர் அதிகாரம் முன்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்பதும் அதே மலைப்பிரசங்கம்தான் (மத்தேயு 5:16). தானியேல் என்ன செய்தார்? ஜெபத்தைத் தடைசெய்யும் கட்டளை வந்த பிறகும், எருசலேமை நோக்கித் திறந்திருந்த ஜன்னலண்டையில் தினம் மூன்று வேளை முழங்கால்படியிட்டார் (தானியேல் 6:10). கதவைப் பூட்டிக்கொண்டு செய்திருக்கலாமே! உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் கணக்கு வைக்கிறோம். ஜெபத்துக்கு வைத்தால் மட்டும் வெளிவேடப் பரிசேயத்தனமா? சோம்பேறியான விசுவாசிக்கு ஒரு ஊன்றுகோல் வேண்டியிருக்கிறது. அதைப் பிடுங்காதீர்கள்.

திறவுகோல் எழுதியது:

தானியேலின் ஜன்னலுக்குக் கிடைத்தது சிங்கக்கெபி. இவர்கள் அட்டவணைக்குக் கிடைப்பது கைதட்டல். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா ஐயா? மத்தேயு 5:16-இல் ஜனங்கள் காண்பது நற்கிரியைகளை, மகிமைப்படுத்துவது பிதாவை. மாதக் கடைசியில் வாசிக்கப்படுவது யாருடைய பெயர்?

சாம்பல்நெற்றி எழுதியது:

நான் கத்தோலிக்கன். இந்த இழையில் ஒதுங்கி நின்று வாசித்துக்கொண்டிருந்தேன், ஆனால் இது எங்கள் வீட்டுப் பிரச்சினையும்தான்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்தி எது தெரியுமா? இதே மத்தேயு 6. நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவு, மனிதர் கண்ணுக்குத் தெரியவேண்டாம் என்று வாசிக்கிறோம். வாசித்து மறையுரை முடிந்ததும் வரிசையில் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோம்! பலர் அதை மாலைவரை அழிப்பதில்லை. இளைஞனாக இருந்தபோது இந்த முரண்பாட்டைத் திருச்சபை கவனிக்கவே இல்லையோ என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அது வேறுவிதமாகத் தெரிகிறது. ஆபத்தை ஆபத்து இருக்கும் இடத்திலேயே வாசித்துக் காட்டுகிறார்கள். அன்றைய முதல் வாசகமும் யோவேல்தான். உடைகளை விட்டு இதயத்தைக் கிழித்துக்கொள்ளச் சொல்லும் பகுதி. ஆனால் அதே யோவேல் அடுத்த மூச்சிலேயே எக்காளம் ஊதுங்கள், சபையைக் கூட்டுங்கள், பால் குடிக்கும் குழந்தைகளையும் கொண்டுவாருங்கள் என்கிறார். எக்காளம் ஊதி அறிவிக்கும் உபவாசம் எப்படி அந்தரங்கமாக இருக்கும்? ஆக, எல்லோரும் சேர்ந்து வெளிப்படையாக மனம் வருந்துவது வேதத்துக்கு அந்நியமல்ல. சாம்பல் எல்லோர் நெற்றியிலும் ஒரே அளவில்தான் இருக்கிறது. அங்கே முதலிடம் கிடையாது. சகோதரியின் அட்டவணையில் எனக்கு உறுத்துவது கூட்டாகச் செய்வது அல்ல, வரிசைப்படுத்துவது.

தோமாவின்விரல் எழுதியது:

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். வரிசைப்படுத்துவதுதான் லூக்கா 18-இன் உவமையில் வரும் பரிசேயனின், அதாவது சமயச் சட்டத்தில் கண்டிப்பான அந்த யூதனின், நோயும். "மற்ற மனுஷரைப்போல நான் இராததனால்" என்றுதான் அவன் ஜெபமே தொடங்குகிறது. பிறகு கணக்கு வருகிறது: வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியம் எல்லாவற்றிலும் தசமபாகம். நியாயப்பிரமாணத்தில் எல்லோருக்கும் விதிக்கப்பட்ட உபவாசம் ஆண்டுக்கு ஒன்றே, பாவநிவாரண நாள். அவன் கேட்டதற்கு மேல் செய்தவன். அவன் சொன்ன எண்கள் பொய் என்று உவமை சொல்லவில்லை. அட்டவணையை அவன் நேர்மையாகத்தான் நிரப்பியிருக்கிறான்!

இதன் பிறகு நடந்ததுதான் எனக்கு எப்போதும் வேடிக்கை. திதாகே என்று ஆதிச்சபையின் சிறிய கையேடு ஒன்று உண்டு. பொதுவாக முதல் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பார்கள். அதன் எட்டாம் பகுதி, மாயக்காரரைப்போல உபவாசிக்காதீர்கள் என்று தொடங்குகிறது. சரி, இருதயத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அவர்கள் திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்று முடித்துவிடுகிறது. மலைப்பிரசங்கம் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த தலைமுறை அது. நாளை மாற்றினால் மாய்மாலம் போய்விடும் என்று தோன்றிவிட்டது. நம்மவர்களும் அதைத்தானே செய்கிறோம்? சிலுவைக் குறி போட்டால் வெளிவேடம், கைதூக்கினால் ஆவிக்குரியது என்று ஒரு கூட்டம். கைதூக்கினால் கூத்து, முழங்காலிட்டால் பக்தி என்று இன்னொரு கூட்டம்.

பரிசேயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பிரசங்கங்களில் அவர்கள் எல்லோரும் நாடகக்காரர்கள். யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தால்முத்தே ஏழு வகைப் பரிசேயரைப் பட்டியலிட்டு, பெரும்பாலோரை எள்ளி நகையாடுகிறது. பகட்டை அந்தச் சமயமே உள்ளிருந்து கண்டித்தது. அவர்கள் ஆடை ஓரத்தில் வைத்த தொங்கல்கூட எண்ணாகமம் 15-இல் உள்ள கட்டளைதான். பெரும்பாடு என்ற இரத்தப்போக்கு நோயுள்ள பெண் தொட்டதும் இயேசுவின் ஆடை ஓரத்தில் இருந்த அந்தத் தொங்கலைத்தான் என்பார்கள் விளக்கவுரையாளர்கள். மத்தேயு 23-இல் அவர் கண்டித்தது தொங்கலின் நீளத்தை.

விளக்குத்தண்டு எழுதியது:

இது நல்ல பதிவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு வரலாறு தெரிந்தவர்கள் சேர்ந்து, இப்போதுதான் ஜெபிக்கத் தொடங்கிய ஒருவனைக் கேலி செய்துவிடாதீர்கள். வரிசையை எடுத்துவிட்டு அட்டவணையை மட்டும் வைத்தால் உங்களுக்குச் சம்மதமா என்று யாராவது சொல்லுங்கள்.

எரிகோல் எழுதியது:

அட்டவணை எல்லாம் சின்ன விஷயம். மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்நியபாஷை என்று யாருக்கும் புரியாத மொழியில் கத்துகிறார்களே, கீழே விழுகிறார்களே, அது முழுவதும் நடிப்பு. நூற்றுக்கு நூறு நடிப்பு. கேமரா அணைந்தால் அபிஷேகமும் அணைந்துவிடும். இதை வெளிப்படையாகச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை.

மட்டுறுத்துநர் எழுதியது:

எந்தச் சபைப் பிரிவையும் மொத்தமாகச் சாட வேண்டாம். எந்தச் சபையின் பெயரும் வரவேண்டாம். இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

பழையபாடகர் எழுதியது:

எரிகோல் தம்பிக்கு. ஆராதனையில் பல ஆண்டுகள் இசை வாசித்தவன் என்பதால் சொல்கிறேன். மேடையில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். பாடலின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பாடவிட்டு, தாளத்தை நிறுத்தி, கீபோர்டில் ஒரு நீண்ட ஸ்வரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பிறகு சுருதியை ஒரு படி ஏற்றினால் கூட்டம் உருகும். உருகியே தீரும். காதல் பாட்டிலும் அது வேலை செய்யும். ஆகவே கண்ணீர் வந்தது என்பதால் ஆவியானவர் வந்தார் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் நடிப்பு என்றும் சொல்லமாட்டேன். அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறி கொண்டவள் என்று நினைத்தான் (1 சாமுவேல் 1). பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் வேற்றுப் பாஷைகளில் பேசியதை நின்று பார்த்தவர்களும் மதுபானத்தால் நிறைந்திருக்கிறார்கள் என்று கேலி செய்தார்கள் (அப்போஸ்தலர் 2). சத்தமில்லாமல் ஜெபித்தவளையும் சத்தத்தோடு பேசியவர்களையும் ஒரே பழி சொல்லி அடித்திருக்கிறார்கள். வெளியே நின்று கண்டுபிடிப்பது ஆசாரியனுக்கே முடியவில்லை. உனக்கு நூற்றுக்கு நூறு எப்படித் தெரிந்தது தம்பி?

பவுலின் வழி எனக்குப் பிடிக்கும். உங்களெல்லாரிலும் அதிகமாய் நான் பாஷைகளைப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, சபையில் பதினாயிரம் வார்த்தைகளைவிடப் புரியும்படி ஐந்து வார்த்தை பேசுவதையே விரும்புகிறேன் என்கிறார் (1 கொரிந்தியர் 14:18-19). அவரிடம் வரம் இருந்தது, அதைக் காட்டும் ஆசை இல்லை. நடிப்பா நிஜமா என்ற விசாரணைக்கே அவர் போகவில்லை. பக்கத்திலிருப்பவனுக்கு என்ன பயன் என்று மட்டும் கேட்கிறார்.

இதை அமெரிக்காவில் பெரிய எழுப்புதலைக் கண்ணால் பார்த்த போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் 1746-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். உணர்ச்சி மிகுந்திருப்பது, உடல் நடுங்குவது, வசனங்கள் மனதில் வந்து விழுவது, ஓயாமல் பக்தி பேசுவது எல்லாவற்றையும் எடுத்துவைத்து, இவை உண்மையென்றும் நிரூபிக்காது, பொய்யென்றும் நிரூபிக்காது என்றார். கடைசியில் அவர் வைத்த பெரிய அடையாளம் நடக்கை. நெருக்கம் வரும்போது ஒருவன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பது.

கடைசிப்பெஞ்சு எழுதியது:

அண்ணன் எட்வர்ட்ஸைக் கொண்டுவந்ததால் மீதியையும் சொல்லிவிட வேண்டும். அந்த மனிதர் அடிமைகளை வைத்திருந்தவர். 1731-இல் ஒரு சிறுமியை விலை கொடுத்து வாங்கிய பத்திரமே இருக்கிறது. நடக்கைதான் அடையாளம் என்று பிற்பாடு எழுதியவர்! அவர் எழுதியது தவறு என்று நான் சொல்லவில்லை. அது சரி என்பதால்தான் அவரையும் அதே தராசில் நிறுத்துகிறேன். அந்தரங்க ஜெபத்தில் அவர் குறைந்தவராக இருந்திருக்கமாட்டார். கதவைப் பூட்டி ஜெபிப்பதும் ஒரு மனிதனைக் காப்பாற்றிவிடுவதில்லை என்பதுதான் எனக்கு உறைக்கிறது.

இழை முழுவதும் தெரிந்தது, மறைந்தது என்றே போகிறது. ஏசாயா 58-ஐ எடுத்துப் பாருங்கள். ஜனங்கள் உபவாசித்தோமே, ஏன் பார்க்கவில்லை என்று தேவனிடமே கேட்கிறார்கள். மனிதர் பார்க்கவேண்டும் என்றுகூட அல்ல, தேவன் பார்க்கவேண்டும் என்று. சுத்தமான அந்தரங்க பக்தி! பதில் என்ன? உபவாச நாளிலும் உங்கள் வேலைக்காரரைக் கசக்கிப் பிழிகிறீர்கள் என்பது. உபவாசத்தின் நேரமோ அளவோ பேச்சிலேயே வரவில்லை. நுகத்தடியின் பிணையலை அவிழ், பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்று போகிறது. ஆமோஸ் 5-இல் உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்பதும் இதே காரணத்துக்காகத்தான். அந்தப் பாட்டில் சுருதி பிசகியிருந்ததாக ஆமோஸ் சொல்லவில்லை.

எனவே எஸ்தர்மகள் சகோதரியிடம் என் யோசனை: அட்டவணையில் இன்னும் ஒரு கட்டம் கேளுங்கள். "இன்று என்னிடம் வேலை செய்தவருக்குக் கூலியை நேரத்துக்குக் கொடுத்தேனா?" இதை நிரப்பச் சொன்னால் குழு எவ்வளவு நாள் ஓடும் என்று பார்ப்போம். யாக்கோபு 5:4 சொல்கிறபடி, கொடுக்காத கூலியும் கூக்குரலிடுகிறது. அதுவும் ஜெபக் கணக்கில் சேரவேண்டியதுதான், எதிர்ப்பக்கத்தில்.

எரிகோல் எழுதியது:

பாடகர் அண்ணா, ஏலியின் உதாரணம் சரி. நூற்றுக்கு நூறு என்றதைத் திரும்பப் பெறுகிறேன். கேமரா பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

மணல்வெளி எழுதியது:

எகிப்தின் பாலைவனத் துறவிகளைப் பற்றி ஒரு சம்பவம் பழைய தொகுப்புகளில் உண்டு. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சூழல். திருவிழா நாளில் சகோதரர்கள் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒருவர் பரிமாறுகிறவரிடம், நான் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை, எனக்கு உப்பு மட்டும் போதும் என்றார். பரிமாறுகிறவர் அதைக் கூட்டம் முழுவதும் கேட்கும்படி, இந்தச் சகோதரர் சமைத்தது சாப்பிடுவதில்லை, உப்பு கொண்டுவாருங்கள் என்று உரக்கச் சொல்லிவிட்டார். அப்போது ஒரு மூப்பர் எழுந்து, இந்தச் சத்தத்தை எல்லோர் முன்பாகக் கேட்பதைவிட நீ இன்று உன் அறையில் இறைச்சி சாப்பிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றாராம். விருந்தினர் வந்தால் உபவாசத்தை முறித்து அவரோடு சாப்பிடுவது அந்தத் துறவிகளின் வழக்கம். உபவாசம் எப்போதும் என்னோடுதான் இருக்கும், உங்களை அனுப்பிவிடவேண்டுமே என்பார்களாம்.

அந்த உப்புச் சகோதரர் மாய்மாலக்காரர் அல்ல என்பதைக் கவனியுங்கள். உண்மையாகவே விரதம் இருந்தவர். ஆனால் அது ஒருமுறை சத்தமாக அறிவிக்கப்பட்டதும் அவருக்கு என்ன ஆகும் என்று மூப்பர் பயந்தார். அடுத்த விருந்தில் அவருக்குச் சமைத்தது பிடித்திருந்தாலும் கேட்கமுடியாது. விளக்குத்தண்டு ஐயா கேட்டாரே, வரிசை இல்லாத அட்டவணை சம்மதமா என்று. என் தயக்கம் இதுதான். நேற்று ஒரு மணி நேரம் என்று எழுதியவன் இன்று ஐந்து நிமிடம் என்று எழுதக் கூசுவான். ஒன்று பொய் எழுதுவான், இல்லையென்றால் கடிகாரத்துக்காக உட்கார்ந்திருப்பான். ஆதிச்சபையில் அனனியா செய்தது இதுதான்: நிலத்தை விற்று, ஒரு பங்கைத் தனக்கு எடுத்துவைத்துக்கொண்டு, மீதியைக் காணிக்கையாக வைத்தான். நிலம் அவனுடையது, விற்ற பணமும் அவன் வசத்தில் இருந்தது, முழுவதையும் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை என்று பேதுருவே சொல்கிறார் (அப்போஸ்தலர் 5:4). ஒரு பங்கு என்று சொல்லியே கொடுத்திருந்தால் அது நல்ல காணிக்கை. ஒரு பங்கை முழுமையாகக் காட்டியதில்தான் செத்தான். அதற்கு முந்தின அதிகாரத்தின் கடைசியில் பர்னபா தன் நிலத்தை விற்றுக் கொண்டுவந்து வைத்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

இதற்கு நேரெதிராக இத்தாலியத் துறவி அசிசியின் பிரான்சிஸ். உடல் நலிந்திருந்த காலத்தில், குளிருக்காக அங்கியின் உள்ளே ஒரு நரித்தோல் துண்டைத் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியென்றால் வெளியேயும் ஒரு துண்டு தைக்கவேண்டும் என்றார். உள்ளே இருக்கும் சுகம் வெளியே தெரியட்டும் என்று. அவர் மறைக்க மறுத்தது தன் தவத்தை அல்ல, தன் சலுகையை. இதிலும் ஒரு பகட்டு நுழையலாம் என்று யாராவது சொல்வீர்கள். நுழையலாம். தாழ்மையைக் காட்சிக்கு வைப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

திறவுகோல் எழுதியது:

பர்னபாவைக் கவனித்ததே இல்லை. நன்றி.

எஸ்தர்மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பொறுப்பாளரிடம் பேசினேன். பெயர் வாசிப்பதை நிறுத்தலாம் என்று உடனே ஒத்துக்கொண்டார். அட்டவணையை எடுக்க அவருக்கு முதலில் மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக இருவர் இருவராகப் பிரிந்து, வாரம் ஒருமுறை ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிறோம். கூலிக் கட்டத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

எனக்கு இன்னொரு கேள்வி. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டே ஜெபித்தால் அவர்கள் ஜெபிக்க எங்கே கற்றுக்கொள்வார்கள்? பார்க்கட்டும் என்று செய்தால் அதுவும் காட்டிக்கொள்வதாகிவிடுமா?

விளக்குத்தண்டு எழுதியது:

இருவர் இருவராக என்பது அட்டவணையைவிட நல்ல ஊன்றுகோல். இதை நான் மனதார வரவேற்கிறேன். பிள்ளைகள் கேள்விக்குத் தோமா ஐயா பதில் சொல்லட்டும்.

தோமாவின்விரல் எழுதியது:

லூக்கா 11:1-ஐ வாசியுங்கள் சகோதரி. இயேசு ஓரிடத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தார். சீஷர்கள் குறுக்கிடவில்லை, முடிக்கும்வரை காத்திருந்தார்கள். முடித்ததும் ஒருவன் வந்து, எங்களுக்கும் ஜெபம்பண்ணக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்று கேட்டான். லூக்காவின்படி பரமண்டல ஜெபம் நமக்கு வந்தது அப்படித்தான். அவர் ஜெபித்ததை அவர்கள் பார்த்ததால் வந்தது.

மாற்கு 1:35-இல் அதே இயேசு இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய்விடுகிறார். முந்தின மாலையில் பட்டணமெல்லாம் வாசலில் கூடியிருந்தது. சீமோன் தேடிக்கொண்டு போய், உம்மை எல்லாரும் தேடுகிறார்கள் என்கிறான். அவர் அந்தக் கூட்டத்திடம் திரும்பவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார்.

பிள்ளைகள் தற்செயலாக உள்ளே வந்தால் எழுந்துவிடாதீர்கள், குரலையும் உயர்த்தாதீர்கள். அவர்களாகக் கேட்கும்போது சொல்லிக்கொடுங்கள். எந்த வயதில் கேட்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். என் வீட்டில் மூத்தவன் இன்னும் கேட்கவில்லை, இளையவள் பேசத் தொடங்கியதுமே கேட்டுவிட்டாள்.